க்வெரி வேறு, மதிப்பு வேறு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நிரலும் கிடைத்தன. நீ பைத்தானுக்கு வந்துவிட்டது எனக்கு மிகுந்த சந்தோஷம். நானும் இப்போது பழைய நிரல்களைச் சரிபார்க்கும் வேலையில்தான் இருக்கிறேன்.

உன் தேடல் பகுதியை மட்டும் இன்றே மாற்றிவிடு. பயனர் தரும் பெயரை எஃப்-ஸ்டிரிங்கில், அதாவது மதிப்பை நேரே உள்ளே பதிக்கும் பைத்தான் ஸ்டிரிங்கில் வைத்து, தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்க்யூஎல் வரியை, அதாவது க்வெரியைக் கட்டியிருக்கிறாய். ஒருவர் பெயருக்குப் பதில் ஒற்றை மேற்கோள், பிறகு எப்போதும் உண்மையாகிவிடும் ஆர் (OR) 1=1, கடைசியில் மீதி வரியைக் கழித்துவிடும் இரண்டு சிறு கோடு என்று தட்டினால் உன் டேபிள் முழுவதும் அவர் திரையில் கொட்டிவிடும். கெட்ட எண்ணமே இல்லாத டி'சோசா தன் பெயரைப் போட்டாலும் க்வெரி உடையும். மேற்கோளை ரீப்ளேஸ் செய்து சமாளிக்கலாம் என்கிறாயே, வேண்டாம். எண் வரும் இடத்தில் மேற்கோளே கிடையாது. அங்கே அது எதைத் தடுக்கும்?

மதிப்பு வரும் இடத்தில் வெறும் ? போடு. மதிப்பை, க்வெரியை ஓட்டும் எக்ஸிக்யூட் ஃபங்ஷனின் இரண்டாவது ஆர்க்யுமென்டாக, டியூப்பிளில் (அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டு எழுதும் மதிப்புகளின் வரிசையில்) கொடு. உன் தரவுத்தளமான எஸ்க்யூலைட் முதலில் க்வெரியைக் கம்பைல் செய்துவிட்டு, அதன் பிறகே மதிப்பைப் பொருத்துகிறது. அதனால் உள்ளே என்ன இருந்தாலும் அது கட்டளையாக மாற வழியில்லை. கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் போட்டுவிடாதே, அது வெறும் எழுத்தாகிவிடும்.

ஒரே மதிப்பு என்றால் அதன் பின்னால் காற்புள்ளி அவசியம். இல்லாவிட்டால் அது டியூப்பிளே இல்லை, ஸ்டிரிங். 'கமலா' என்று கொடுத்தால், ஒன்று வேண்டிய இடத்தில் நான்கு வந்திருக்கிறது என்று பிழை காட்டும். நமக்கு மூன்று எழுத்துதான். யூனிகோடில் துணைக்கால் தனியாக எண்ணப்படும்.

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளத்துக்குப் போனால் இந்தக் கேள்விக்குறி மாறும். பைத்தான் தரவுத்தளங்களோடு பேசுவதற்கான விதிமுறையான பெப் 249 அந்தத் தேர்வை டிரைவரிடமே, அதாவது இணைக்கும் நூலகத்திடமே விட்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டிரைவரான சைக்கோபிஜியில் சதவீதக் குறியும் எஸ் என்ற எழுத்தும். அதைப் பார்த்து, காற்புள்ளி வர வேண்டிய இடத்தில் இன்னொரு சதவீதக் குறி போட்டு ஸ்டிரிங்கை நீயே நிரப்பிவிட்டால் பழைய ஓட்டை அப்படியே திரும்பிவிடும். சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

பெயரின் ஒரு பகுதியை மட்டும் வைத்துத் தேடும் லைக் தேடலுக்கு சதவீதக் குறியை மதிப்போடு சேர்த்து அனுப்பு. டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் இரண்டையும் இப்படி அனுப்ப முடியாது. எந்த நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்துவது என்பதைப் பயனரிடம் கேட்கிறாய் அல்லவா? அனுமதித்த பெயர்களை ஒரு டிக்ஷனரியில் வைத்து, அதில் இருப்பதை மட்டும் க்வெரியில் சேர்.

திருத்தியதும் அனுப்பி வை, அன்றே படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்