புயலில் சேர்ந்த கைகளைப் பிரித்துவிடாதீர்கள்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மறுபடி விளக்கெரிய வைத்த ஆட்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். நான் வாரிய ஊழியர் இல்லை, டெல்டாவில் மின் கட்டணம் கட்டுகிற ஒருவன்தான்.

அப்போது வயலில் சம்பா நின்றது. தண்ணீர் நின்ற சேற்று நிலத்தில் லாரியும் போகாது, கிரேனும் இறங்காது. சிமெண்ட் கம்பத்தைக் கயிற்றில் கட்டி, மரத்தடி கொடுத்து, ஆட்கள் தோளில்தான் சுமந்து போனார்கள். ஒருவர் கால் வழுக்கினால் மொத்தப் பாரமும் பக்கத்தில் இருப்பவர் மேல் இறங்கும். மற்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், கேரளத்திலிருந்து வந்தவர்கள், உள்ளூர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். உள்ளூர் ஊழியர்களுக்கோ சொந்த வீட்டு ஓடும் போயிருந்தது. எங்கள் ஊருக்கு எப்போது கரண்ட் வரும் என்று மறியல் செய்த மக்களின் கோபத்துக்கும் அவர்கள்தான் முகம் கொடுத்தார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

லைன் வேலையில் நம்பிக்கை என்பது பேச்சுக்குச் சொல்வது இல்லை. துணை மின் நிலையத்தில் ஒருவர் லைனை நிறுத்தி 'லைன் கிளியர்' கொடுத்த பிறகுதான் இன்னொருவர் கம்பத்தில் ஏறுகிறார். மேலே இருப்பவர் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள் என்று லைன் கிளியர் வாங்கியவரே திருப்பிச் சொல்லாமல் மின்சாரம் விடக்கூடாது. புயல் நேரத்தில் இதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொண்டது. வீட்டிலும் கடையிலும் ஓடிய ஜெனரேட்டரை லைனிலிருந்து சரியாகப் பிரித்து வைக்காவிட்டால், நிறுத்திய லைனிலேயே மின்சாரம் திரும்பி வரும். அதனால் வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போட்டே, அதாவது லைனைத் தரையோடு இணைத்தே, ஆக வேண்டும். நேரமாகிறது, ஊர் சுற்றி நிற்கிறது, அதிகாரி போனில் கேட்கிறார். அந்த நெருக்கடியிலும் "எர்த் போடாமல் ஏறாதே" என்று அதட்டுகிற கூட்டாளி கிடைப்பது பெரிய விஷயம். அப்படி ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டுப் பழகிய குழுவைப் பயிற்சி வகுப்பில் உருவாக்கிவிட முடியாது.

ஆனால் கஷ்டம் தானாக யாரையும் ஒன்று சேர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சாப்பாடு வராத இடத்திலும், தூங்க விடாமல் விரட்டிய இடத்திலும் அதே கஷ்டம் ஆட்களைப் பிரிக்கத்தான் செய்யும். பாரத்தைப் பங்குபோட்டுக்கொண்ட இடத்தில்தான் குழு உறுதியானது. கூடவே சேற்றில் இறங்கி நின்ற உதவிப் பொறியாளரை அந்த ஆட்கள் மறக்கமாட்டார்கள். ஒரே கம்பத்தைச் சுமந்த இருவரில் ஒருவருக்கு நிரந்தர வேலையும் காப்பீடும் இருக்க, மற்றவர் ஒப்பந்தக்காரரின் தினக்கூலியாகவே திரும்பிப் போகிறார் என்றால், அந்தச் சேர்க்கை எத்தனை நாள் நிற்கும்?

2011இல் தானே புயல், 2016இல் வர்தா, 2018இல் கஜா, 2023இல் மிக்ஜாம், 2024இல் பெஞ்சல். கடலூரில் தானேயைப் பார்த்த வயர்மேனுக்கு எந்த லைனை முதலில் தூக்கினால் குடிநீர் மோட்டாரும் ஆஸ்பத்திரியும் ஓடும் என்று தெரியும். அவர் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் அவரோடு போய்விடும், யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்காவிட்டால்.

எனவே என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் புயல் வேலை பார்த்த ஆட்களின் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும், அதில் ஒப்பந்தத் தொழிலாளர் பெயரும் இருக்கட்டும். அடுத்த புயலுக்கு ஆள் அனுப்பும்போது முன்பு சேர்ந்து உழைத்தவர்களை முடிந்தவரை ஒரே குழுவாக அனுப்புங்கள். பழைய ஆள் ஒருவரோடு புதிதாகச் சேர்ந்த கேங்மேன் (கம்பம் நடுவது போன்ற களவேலை பார்ப்பவர்) இருவரைச் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு நாள் அவர்களை உட்காரவைத்து, எது சரியாக நடந்தது, எங்கே உயிர் தப்பியது என்று கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற விசாரணையாக அது இருக்க வேண்டாம். அப்படி இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அப்புறம், காலிப் பணியிடங்கள். நான்கு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஆண்டு முழுக்க இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டு, புயல் நாளில் மட்டும் அவர்களிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அக்டோபரில் மழை தொடங்குவதற்குள் கடலோர மாவட்டங்களின் பிரிவு அலுவலகங்களிலாவது அந்த இடங்களை நிரப்புங்கள். கஜாவில் கம்பம் சுமந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அதில் முதல் வாய்ப்புக் கொடுங்கள்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட மின் நுகர்வோர் ஒருவர்