பந்தைத் தொடாதவரைப் பற்றியும் நாலு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலை அறிமுகப்படுத்தி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது எழுதினாலே எனக்குச் சந்தோஷம்தான், அதனால் குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசிக் கட்டுரை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்கே போய்விட்டது, அதுகூடப் பரவாயில்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடைசியில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்கு ஆடிய ஜோ தாமஸ் பெயர் ஒரே ஒரு வரியில் வருகிறது, அந்த ஒரு வரியில்தான் இரண்டு கோளாறு. அவரைத் 'தற்காப்பு வீரர்' என்று போட்டிருக்கிறீர்கள். அப்புறம், 'கோப்பை எதையும் வெல்லாதவர்' என்று முடித்திருக்கிறீர்கள்.

முதலில் அந்தத் தற்காப்பு விஷயம். அவர் ஆடியது தாக்கும் அணியில், அதாவது பந்தை வைத்துக்கொண்டு முன்னேறப் பார்க்கும் பக்கத்தில். தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். எதிரணி ஆட்கள் குவார்ட்டர்பேக்கை நெருங்காமல் தடுப்பதும், பந்தை வைத்துக்கொண்டு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. தடுக்கிறார்களே, அப்படியென்றால் தற்காப்புதானே என்று தோன்றும், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் குழம்பினேன். ஆனால் தற்காப்பு அணி என்பது இவர்களுக்கு நேரெதிரே நிற்கும் கூட்டம். முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கக்கூட இந்த ஐந்து பேருக்கு அனுமதி கிடையாது, நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் ஒழிய. அதனால் இவர்கள் பெயருக்கு நேரே பந்தோடு முன்னேறிய யார்டு கணக்கும் இல்லை, பாயிண்ட் வாங்கித் தரும் டச் டவுனும் இல்லை. டிவியில் இவர்கள் பெயர் எப்போது கேட்கும் என்றால், தப்புப் பண்ணி நடுவரின் மஞ்சள் துணி விழும்போதுதான்.

இந்த ஐவரில் லெஃப்ட் டேக்கிள் என்ற இடம் தனி. வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக் எறிவதற்காக உடம்பைத் திருப்பும்போது அவருக்கு இடது பக்கம் கண்ணுக்குத் தெரியாது. 1985 நவம்பரில் திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மேனின் கால் எலும்பு முறிந்தது, அதை நாடே டிவியில் நேரலையாகப் பார்த்தது, அதற்குப் பிறகு தைஸ்மேன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தக் கண் தெரியாத பக்கத்துக்குக் காவல் நிற்பவர்தான் லெஃப்ட் டேக்கிள். இன்று சம்பளப் பட்டியலில் அந்த இடம் மேலே இருக்கிறதென்றால் சும்மா இல்லை.

சரி, தாமஸ் கதைக்கு வருகிறேன். விஸ்கான்சின் மாநிலத்துக்காரர், அதே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், அங்கே குண்டு எறிதலும் உண்டு. 2006 தொடக்கத்தில், கல்லூரி சீசன் முடிவில் நடக்கும் ஒரு பவுல் ஆட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று இவரைத் தற்காப்புப் பக்கம் இறக்கினார்கள், அங்கே முழங்கால் தசைநார் கிழிந்தது. (உங்கள் கட்டுரை சொன்ன 'தற்காப்பு வீரர்' அந்தச் சமயத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.) அதிலிருந்து எழுந்து வந்து அதே ஆண்டு கல்லூரி அளவில் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் விருதையும் வாங்கினார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2007 டிராஃப்டுக்கு நியூயார்க்கில் கோட்டு சூட்டோடு வந்து மேடையேறச் சொல்லி அழைப்பு. இவர் போகவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் தன்னை மூன்றாவது ஆளாக எடுத்த சேதி வந்தது. அந்த டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ஜமார்க்கஸ் ரஸல் மூன்றே சீசனில் காணாமல் போனார்.

பிரவுன்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: தாமஸ் இருந்த 11 சீசனில் அந்த அணி மொத்தம் 48 ஆட்டம் ஜெயித்தது, 128 தோற்றது. தலைமைப் பயிற்சியாளர்கள் 6 பேர். அவர் காவல் காத்த குவார்ட்டர்பேக்குகள், அதாவது ஆட்டத்தை முதல் ஆளாகத் தொடங்கியவர்கள் மட்டும், 20 பேர்! முதல் ஆட்டத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 34-7 என்று தோற்ற அன்று சார்லி ஃப்ரையை நடுவிலேயே உட்காரவைத்து டெரிக் ஆண்டர்சனை இறக்கினார்கள், இரண்டே நாளில் ஃப்ரை சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார். ஆனால் அந்த 2007 சீசன்தான் இவர் பார்த்ததிலேயே நல்ல சீசன், 10 வெற்றி 6 தோல்வி. டென்னஸி டைட்டன்ஸுக்கும் அதே கணக்கு, சமநிலை விதியில் அவர்கள் கோப்பைக்கான அடுத்த சுற்றான பிளேஆஃபுக்குப் போனார்கள், பிரவுன்ஸ் வீட்டுக்குப் போனது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவ்வளவு தூரம் நெருங்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒவ்வொரு முறை பந்து சென்டர் கையிலிருந்து பின்னால் போவதற்கு ஸ்னாப் என்று பெயர். தாமஸ் தன் முதல் ஆட்டத்திலிருந்து தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் ஆடினார், ஒன்றைக்கூட விடவில்லை. அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஸ்னாப் கணக்கு 1999இலிருந்துதான் இருக்கிறது, அந்தக் கணக்கில் இவ்வளவு நீளத்துக்கு வேறு யாரும் போனதில்லை. 167 ஆட்டத்தால் வகுத்தால் ஆட்டத்துக்குச் சராசரியாக 62. முட்டி வலித்தாலும், 30 பாயிண்ட் பின்தங்கி நின்றாலும், சீசன் எப்போதோ செத்துப்போன டிசம்பர் குளிரிலும், 62 தடவை, குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிற எதிரணி ஆட்களில் மிகச் சிறந்தவனை மோதி நிறுத்த வேண்டும்.

மோதல் என்று சொன்னதும் முரட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். அவர் ஆடிய பழைய வீடியோ கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு 73ஆம் எண் சட்டையை மட்டும் பாருங்கள். ஆறரை அடி உயரம், 140 கிலோ உடம்பு. ஸ்னாப் ஆன நொடியில் இடது காலைப் பின்னால் எடுத்து வைப்பார், வலது கால் அதைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டு வரும், முகம் முன்னாலேயே இருக்க உடம்பு மட்டும் பின்வாங்கும். கை மார்புக்குப் பக்கத்திலேயே தயாராகக் காத்திருக்கும். சீக்கிரம் நீட்டினால் எதிராளி கையைத் தட்டிவிட்டு ஓரமாகச் சுற்றிப் போய்விடுவான், தாமதித்தால் மார்பில் கை கொடுத்து மல்லாத்திவிடுவான், பதறிப்போய் சட்டையைப் பிடித்தால் 10 யார்டு தண்டனை. இதெல்லாம் மூன்று விநாடிக்குள். தாமஸ் ஆடும்போது அந்த மூன்று விநாடியில் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். எதிராளி வருவான், நிற்பான், பந்து போய்விடும். பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், அதுதான் வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம்.

கோப்பை விஷயம். 2015இல் இவரை டென்வர் பிராங்கோஸுக்கு மாற்றுவதற்குப் பேச்சு நடந்து கடைசி நேரத்தில் நின்றுபோனது. அந்த சீசனில் டென்வர் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தது. மாற்றியிருந்தால் இவர் விரலிலும் வென்றவர்களுக்குத் தரும் மோதிரம் ஒன்று இருந்திருக்கும், உங்கள் கட்டுரையாளரும் வேறு மாதிரி எழுதியிருப்பார், ஆனால் தாமஸ் செய்த வேலையில் ஒரு அங்குலம்கூட மாறியிருக்காது. அடுத்த சீசனில் 1 வெற்றி 15 தோல்வி என்று முடித்த அணியில் இருந்துகொண்டே சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ப்ரோ பவுலுக்குப் பத்தாவது முறையாகத் தேர்வானார். தன் முதல் 10 சீசனிலும் ஒன்று விடாமல் தேர்வானார் என்று அர்த்தம், ஒவ்வொரு இடத்துக்கும் அந்த ஆண்டின் சிறந்தவர்களை வைத்து அறிவிக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் 6 முறை. அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் இவருக்கு யாரும் சலுகை காட்டியிருக்க வாய்ப்பில்லை, தோற்கிற அணியின் ஆட்டம் டிவியில் வருவதே குறைவு.

2017 அக்டோபர் 22, கிளீவ்லேண்டில் ஆட்டம், எதிரே அதே டைட்டன்ஸ். ஒரு மோதலுக்குப் பிறகு இடது கையைப் பிடித்தபடி தரையில் கிடந்தார், ட்ரைசெப்ஸ் தசை கிழிந்திருந்தது. அன்றும் பாருங்கள், குவார்ட்டர்பேக்கை நடுவில் மாற்றிவிட்டார்கள். 10,364ஆவது ஸ்னாப்புக்கு அந்த இடத்தில் வேறொருவர் போய் நின்றார். அணி அந்த சீசனில் 16 ஆட்டத்தையும் தோற்றது. 2018 மார்ச்சில் ஓய்வு அறிவித்தார், அப்புறம் உடம்பில் 50 பவுண்டுக்கு மேல் இறக்கினார், இன்றைய படத்தைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. அந்த எடை வேலைக்காகச் சுமந்தது, வேலை முடிந்ததும் இறக்கிவைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. 2023இல் கேன்டன் நகரில் இருக்கும், இந்த ஆட்டத்தின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில், தகுதி வந்த முதல் ஆண்டிலேயே சேர்த்தார்கள். பிளேஆஃபில் ஒரு நிமிடம்கூட ஆடாத மனிதரை வாக்களித்தவர்கள் காத்திருக்க வைக்கவில்லை, அவர்களுக்கு இந்தக் கோப்பைக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்?

திருத்தம் போடுவதாக இருந்தால் 'தாக்கும் அணியின் முன்வரிசை வீரர்' என்று போடுங்கள். இடம் போதாவிட்டால் வெறுமனே 'டேக்கிள்' என்றாலே போதும், வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். அடுத்த சூப்பர் பவுல் சமயத்தில் குவார்ட்டர்பேக் படத்தைப் பெரிதாகப் போடுவீர்கள், தெரியும், போடுங்கள். படத்தில் இடது ஓரத்தில் முதுகு மட்டும் தெரிகிற ஆளை வெட்டிவிடாமல் போட்டால் சரி.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்கத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் வாசகன்