டைவிங் முடித்த கையோடு விமானம் ஏறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் பால்மரக் காட்டுக்கு நடுவே வளர்ந்த என் அக்கா மகன், தியோமான் தீவில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுக் குப்பியோடு கடலுக்கடியில் நீந்தும் டைவிங், பழகியவன், அடுத்த வருடம் கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவுக்குப் போகப் பணம் சேர்க்கிறான். வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்துக்குச் சொந்தமான அமைதியான தீவு. சாலையோரம் மஞ்சள் சாயம் பூசிய கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்குமாம், அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே கடலுக்குள் நடந்து போகலாம். 1979 முதல் கடல் பூங்காவாகப் பாதுகாக்கிறார்கள். பவளத்தைத் தொடக்கூடாது என்பதற்காகக் கையுறைக்கே தடை, எவ்வளவு நல்ல விஷயம்!

ஆனால் ஏஜெண்ட் கொடுத்த பயணத் திட்டத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. கடைசி நாள் காலையில் டைவிங், மதியம் விமானம்!

பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், நாம் இழுக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும், உடனே விமானம் ஏறினால் அங்கே அழுத்தம் குறைவு என்பதால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழியாகக் கிளம்பும். மூட்டுவலியோடு நின்றால் பரவாயில்லை, கைகால் விழுந்துபோகவும் கூடும். பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், 24 என்றால் இன்னும் நல்லது.

பள்ளி விடுமுறை வருகிறது, பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் என்று நம் பிள்ளைகளும் டைவிங்குக்குக் கிளம்புவார்கள். தயவுசெய்து உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் பையனின் கடைசி நாள் இப்போது உப்பளத்துக்கும் பூநாரைகளுக்கும் என்று மாறிவிட்டது.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்