புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திற

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய புத்தகப் பட்டியல் கிடைத்தது. முதலீடு, தொழில், மனம், அறிவியல் என்று நான்கு பக்கமும் கை நீட்டியிருக்கிறாய். சந்தோஷமாக இருந்தது. எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்டிருந்தாய். புத்தகம் புத்தகமாக மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை அம்மா. ஒரே அட்டைக்குள் உறுதியான அத்தியாயமும் இருக்கும், ஓட்டை அத்தியாயமும் இருக்கும். ஒவ்வொரு கூற்றையும் தனியாக எடுத்து எடைபோட நீ பழகிக்கொண்டால் போதும், யார் எழுதியது என்ற கவலையே வேண்டாம்.

உன் பட்டியலில் முதலில் இருப்பதையே எடுத்துக்கொள்வோம். உளவியலாளர் டேனியல் கானமன் 2011-இல் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. அவர் 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். இன்னொரு உளவியலாளரான ஆமோஸ் ட்வெர்ஸ்கியுடன் சேர்ந்து 1979-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கிடைக்கும் லாபத்தைவிட அதே அளவு நஷ்டம் மனிதர்களை அதிகமாக உறுத்துகிறது என்று காட்டியது. 2020-இல் வெளியான ஆய்வொன்றில் அதே வகைக் கேள்விகளை 19 நாடுகளில் 4,098 பேரிடம் மறுபடி கேட்டார்கள். பெரும்பாலும் அதே போக்குதான் தெரிந்தது. இந்தப் பகுதியைத் தைரியமாக எடுத்துக்கொள்.

அதே புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்துக்கு வா. முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்த மாணவர்கள் கூடத்தில் மெதுவாக நடந்தார்கள் என்ற பரிசோதனை அங்கே வருகிறது. 1996-இல் வெளியானது, ஒவ்வொரு தடவையும் 30 பேர் மட்டுமே. 2012-இல் பெல்ஜியத்தில் 120 பேரை வைத்து, நிறுத்து கடிகாரத்தை மனிதர் கையில் கொடுக்காமல் அகச்சிவப்புக் கதிர் உணரிகளால் நேரத்தை அளந்தார்கள். வேகம் குறையவே இல்லை. பிறகு பரிசோதனையை நடத்துகிறவர்களிடம் "இவர்கள் மெதுவாக நடப்பார்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் வேகம் குறைந்தது. அதாவது நடந்தவரின் மனதை மட்டுமல்ல, அளந்தவரின் எதிர்பார்ப்பையும் சேர்த்தே பழைய பரிசோதனை அளந்திருக்கக்கூடும். போதிய ஆள்பலம் இல்லாத ஆய்வுகளை அளவுக்கு மேல் நம்பிவிட்டதாகக் கானமனே 2017-இல் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் கடையில் விற்கும் பிரதியில் அந்த அத்தியாயம் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், மனம் பற்றிய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போ. குறிப்புகள் அங்கேதான் இருக்கும். உனக்கு ரொம்பப் பிடித்த, உன் நடவடிக்கையை மாற்றச் சொல்கிற கூற்று எது என்று பார்த்து, அதற்குரிய குறிப்பைத் தேடு. அது இன்னொரு ஜனரஞ்சகப் புத்தகத்துக்கோ நாளிதழ்ச் செய்திக்கோ போய் நின்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடு. ஆய்வுக் கட்டுரைக்குப் போனால் அதன் சுருக்கத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்பது.

ஏன் ஆள் எண்ணிக்கை? இரண்டு குழுக்களுக்கு நடுவே உள்ள நடுத்தர அளவு வித்தியாசத்தை ஐந்தில் நான்கு தடவையாவது கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 64 பேர் வேண்டும். வித்தியாசம் சிறியது என்றால் 400 பேருக்குக் கிட்டத்தட்ட வரும். ஆண்களின் சராசரி எடை பெண்களைவிட அதிகம் என்ற, கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயத்தை எண்ணிக்கையில் காட்டுவதற்கே ஒரு பக்கம் நாற்பதுக்கு மேல் ஆள் தேவைப்படுகிறது. அப்படியிருக்க, 20 பேரை இந்தப் பக்கமும் 20 பேரை அந்தப் பக்கமும் உட்காரவைத்து, நுட்பமான ஒரு மனநிலை மாற்றத்தைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் அது தற்செயல். தற்செயலாக நல்ல முடிவு வந்த ஆய்வு அச்சேறும். வராதது மேசை இழுப்பறையில் கிடக்கும். புத்தகம் எழுதுகிறவர் அச்சேறியதை மட்டும்தான் பார்க்கிறார்.

கைகளை விரித்து நிமிர்ந்து நின்றால் உடம்பின் ஹார்மோன்களே மாறும் என்று 2010-இல் வந்த ஆய்வில் 42 பேர். 2015-இல் 200 பேரை வைத்துச் செய்தபோது, பலம் வந்ததாக மனதுக்குத் தோன்றியதே தவிர ஹார்மோன் மாறவில்லை. மன உறுதி என்பது செலவழிந்து தீர்ந்துபோகும் சரக்கு என்ற கருத்தும் அப்படித்தான்: 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெரிய முயற்சியில் 36 சதவீதம்தான் தேறியது. ஆகவே 2012-க்கு முன் அச்சான புத்தகம், சின்னத் தந்திரம், பெரிய மாற்றம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால், கருத்தின் பெயரோடு 'மறு ஆய்வு' என்று சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு மேலே படி.

தொழில் புத்தகங்களில் வேறு மாதிரிச் சிக்கல். இங்கே ஆய்வே பெரும்பாலும் இருக்காது, வென்றவர்களின் கதை இருக்கும். கொஞ்சம் முறையோடு எழுதப்பட்டதிலும் குழி இருக்கிறது. ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' 2001-இல் வந்தது. 1,435 நிறுவனங்களைச் சலித்து 11-ஐத் தேர்ந்தெடுத்தார். சும்மா புகழவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் அதே துறையில் அந்த உயரத்தை எட்டாத ஒரு நிறுவனத்தை எதிரே வைத்து ஒப்பிட்டார். அந்த அக்கறை பாராட்டத்தக்கது. ஆனாலும் அந்த 11-இல் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடை நிறுவனம் 2008-இல் திவாலானது. இன்னொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது.

எங்கே பிசகியது? முடிவு தெரிந்த பிறகு காரணம் தேடியதில்தான். நிறுவனம் நன்றாக ஓடும்போது அதன் தலைவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "பணிவானவர், உறுதியானவர்" என்பார்கள். பங்கு விலை விழுந்ததும் அதே ஆளை "பிடிவாதக்காரர், காது கொடுத்துக் கேட்கமாட்டார்" என்பார்கள். ஆள் மாறவில்லை, லாபம்தான் மாறியது. பேட்டிகளையும் பத்திரிகைச் செய்திகளையும் வைத்து எழுதுகிற எந்தப் புத்தகத்திலும் இந்தச் சாயம் ஊறியிருக்கும். அதைக் கழுவ ஒரே வழி, புத்தகத்தில் இல்லாதவர்களைத் தேடுவது. இதே காரியத்தைச் செய்து தோற்றவர்கள் எத்தனை பேர்? வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கி இறங்கு என்று சொல்கிற அத்தியாயத்தில் அப்படி இறங்கி மூழ்கியவர் ஒருவர்கூட இல்லையென்றால், அந்த அத்தியாயம் உனக்கு எதையுமே நிரூபிக்கவில்லை. விலை போடுவது, பணவரவைக் கணக்கு வைப்பது, வாடிக்கையாளரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று செய்முறை சொல்லித்தரும் தொழில் புத்தகங்கள் வேறு ரகம். அவற்றைச் செய்து பார்த்தே சரிபார்க்கலாம். பட்டியலில் அந்த ரகத்தைக் கூட்டு, கதைகளைக் குறை.

முதலீட்டுப் புத்தகங்களில் கணக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பொய்க்காது. பணத்தை நிர்வகிப்பவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைப் பற்றிச் சொல்கிற அத்தியாயம் எத்தனை சலிப்பாக இருந்தாலும் தாண்டிவிடாதே. 100 என்ற தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டில் 1,745 ஆகும். ஆண்டுதோறும் 2 சதவீதம் கட்டணமாகப் போய் 8 சதவீதம் மட்டும் உனக்கு நின்றால் 1,006 தான். சின்னதாகத் தெரிகிற அந்த இரண்டு, முடிவில் கிடைக்க வேண்டியதில் 42 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. அதுபோல 50 சதவீதம் விழுந்த முதலீடு பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். இவற்றைக் காகிதத்தில் நீயே ஒரு தடவை போட்டுப் பார். படிப்பதைவிடப் போட்டுப் பார்ப்பது மனதில் நிற்கும்.

பத்து ஆண்டு தொடர்ந்து சந்தையை வென்றவர் என்று ஒருவரை நூலாசிரியர் கொண்டாடினால், முதலில் எத்தனை பேர் களத்தில் இருந்தார்கள் என்று கேள். 1,024 பேர் ஆண்டுக்கு ஒரு முறை நாணயம் சுண்டினால், திறமையே இல்லாமல் பத்து முறையும் தலை விழுந்தவராக ஒருவராவது இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். திறமைசாலியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பத்து ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து அவரைப் பிரித்தறிய முடியாது.

ஆதாரமாகக் காட்டும் வரைபடம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதையும் பார். ஜப்பானின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கெய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். அமெரிக்காவின் டவ் குறியீடு 1929-இன் உச்சத்துக்குத் திரும்ப 1954 ஆனது. இரண்டிலும் நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் ஈவுத்தொகை சேராது, சேர்த்தால் காலம் குறையும். ஆனால் "நீண்ட காலம் பொறுத்தால் போதும்" என்று எழுதுகிறவர் எந்த நாட்டை, எந்த ஆண்டிலிருந்து, விலைவாசி உயர்வைக் கழித்தா கழிக்காமலா காட்டுகிறார் என்று தெரியாமல் அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளாதே. பெஞ்சமின் கிரகாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' உன் பட்டியலில் இருக்கிறது. 1949-இல் வந்த புத்தகம். அதில் வரும் கம்பெனி உதாரணங்கள் காலாவதியானவை, படிக்கையில் தூக்கம் வரும். எட்டாம் அத்தியாயத்தையும் இருபதாம் அத்தியாயத்தையும் முதலில் படி. விலை ஆடும்போது உன் புத்தி ஆடாமல் இருப்பதைப் பற்றி ஒன்று, தவறினாலும் தாங்கும் இடைவெளி விட்டு வாங்குவதைப் பற்றி மற்றொன்று. அந்த இரண்டும் இன்னும் புதிதாகவே இருக்கின்றன.

அறிவியல் புத்தகங்களைப் பற்றி உனக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, அவைதான் இந்தக் கூட்டத்தில் நம்பகமானவை. அச்சான ஆண்டை மட்டும் பார்த்துக்கொள். 1998-க்கு முந்திய அண்டவியல் நூலில் பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்ற கண்டுபிடிப்பு இருக்காது. 2001-க்கு முந்திய மரபணு நூல், மனிதனுக்கு ஒரு லட்சம் மரபணுக்கள் என்று சொல்லக்கூடும். இன்றைய கணக்கு ஏறக்குறைய 20,000. உடல்நலம் பற்றி வந்தால் "ஆபத்து 50 சதவீதம் குறைகிறது" என்ற வரியில் நின்று, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேள். ஆயிரத்தில் இருவருக்கு வந்தது ஒருவருக்குக் குறைந்தாலும் அது 50 சதவீதம்தான்.

இனி, படித்தது நிற்பதற்கு. அடிக்கோடு போட்டுக்கொண்டே மறுபடி மறுபடி படிப்பது தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் தரும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதமும், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்கள் 75 சதவீதமும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. ஆகவே அத்தியாயம் முடிந்ததும் மூடு. அரைப் பக்கம் எழுது: என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எத்தனை பேர் அல்லது எத்தனை ஆண்டு, யார் விடுபட்டிருக்கிறார்கள். எழுத வராத இடத்தை மட்டும் திறந்து பார். ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தைத் தொடாமல் இன்னொரு தடவை எழுதிப் பார். மாதம் நான்கு புத்தகம் முடிப்பதைவிட ஒன்றை இப்படி முடிப்பது உனக்கு உதவும்.

கடைசியாக, அந்த ஒரு தொழில் புத்தகத்தைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிடலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதில் வரும் நிறுவனங்களின் பெயர்களையும் அவை தொடங்கிய ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுது. அதே துறையில் அதே காலத்தில் தொடங்கி மூடப்பட்டவற்றைத் தேடிப் பக்கத்தில் எழுது. வருமானமே இல்லாமல் எத்தனை மாதம் உன்னால் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை அதன் கீழே கணக்கு போட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
அப்பா