குளிர்பெட்டி வாங்க முன்னம்

அன்பு மகனுக்கு,

எங்கட கிளிநொச்சி வீட்டில சோடாவும் வைனும் வைக்கக் குளிர்பெட்டி வாங்கவெண்டு நீ அனுப்பின இரண்டு படத்தையும் வடிவாப் பார்த்தன். பன்னிரண்டு போத்தல் பிடிக்கிற அந்தச் சின்னன் வேண்டாம் ராசா. சத்தமில்லை, விலை குறைவு எண்டு போட்டிருக்கினம், அது உண்மைதான். ஆனால் அதுக்குள்ள கொம்பிறசர் இல்லை. கரண்ட் பாய்ஞ்சால் ஒரு பக்கம் குளிர்ந்து மற்றப் பக்கம் சுடுகிற சின்னத் தகடு ஒண்டுதான் இருக்கு. வெளிச்சூட்டில இருந்து 15, மிஞ்சினால் 20 பாகை குறைக்கும். நீ இருக்கிற இடத்தில அறை 22 பாகை, அங்க அது காணும். கிளிநொச்சியில கச்சான் காத்து அடிக்கேக்க விறாந்தை 35 பாகைக்கு வந்திடும். அப்ப உள்ளுக்குச் சோடா குளிராது, பெட்டி ஒரு நிமிசமும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கொம்பிறசர் உள்ளதை எடு. எடுக்க முன்னம் அதில ஒட்டியிருக்கிற தகட்டில காலநிலை வகுப்பைப் பார். 'என்' (N) எண்டால் வெளிச்சூடு 32 பாகை வரைக்கும், 'எஸ்ரி' (ST) 38 வரைக்கும், 'ரி' (T) 43 வரைக்கும் தாங்கும். வன்னிக்கு 'ரி'தான். கண்ணாடிக் கதவு இரட்டைக் கண்ணாடியா இருக்கவேணும். ஒற்றைக் கண்ணாடி எண்டால் மார்கழி மழைக்குள்ள வேர்த்து வடிஞ்சு நிலமெல்லாம் தண்ணியாகும்.

வைன் பெட்டியும் குளிர்பானப் பெட்டியும் ஒண்டில்லை. வைன் பெட்டி 12, 13 பாகையில ஆடாமல் அசையாமல் வைக்கிறதுக்குச் செய்தது. அநேகமானது 5 பாகைக்குக் கீழ இறங்காது. சோடாவுக்கும் நெல்லி ரசத்துக்கும் 3, 4 பாகை வேணும். இரண்டும் வேணுமெண்டால் மேலயும் கீழயும் வேறவேறயாச் சூடு வைக்கக்கூடிய இரட்டை அறைப் பெட்டி இருக்கு. எங்கட வீட்டில ஐந்தாறு போத்தல் வைன்தான் இருக்கும் எண்டால் அந்தக் காசு வீண். குளிர்பானப் பெட்டியே காணும், சிவப்பு வைனைக் குடிக்க அரை மணித்தியாலம் முன்னம் வெளியில எடுத்து வைச்சால் சரி. தக்கை அடைச்ச போத்தலைப் படுக்க வை, காய்ஞ்ச தக்கையால காத்துப் போகும். திருகு மூடி நிண்டாலும் பரவாயில்லை. கள்ளை மட்டும் இறுக்கி மூடி உள்ளுக்கு வைக்காத. குளிருக்குள்ளயும் மெல்ல மெல்லப் புளிச்சுக்கொண்டே இருக்கும், வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும்.

விறாந்தையில வைக்கிற யோசினையை விடு. குசினியில அடுப்புக்கு எட்டவா, வெயில் படாத சுவரோட வை. பின்னால 10 சென்ரிமீற்றர், பக்கத்துக்கு 5 சென்ரிமீற்றராவது இடைவெளி விடு. சில பெட்டிக்குப் பின்னால கம்பிவலை இருக்காது, சூடு பக்கத் தகட்டாலதான் வெளிய வரும். தொட்டால் சுடும், அது பழுதில்லை. வாகனத்தில படுக்க வைச்சுக் கொண்டுவந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விட்டிட்டுத்தான் பிளக்கைப் போடு. கொம்பிறசர் எண்ணெய் திரும்பக் கீழ இறங்கவேணும்.

கரண்ட்தான் எங்கட பெரிய பிரச்சினை. போன கரண்ட் உடன திரும்பி வந்தால் குழாய்க்குள்ள அழுத்தம் இறங்கியிருக்காது. அதுக்கு எதிராக் கொம்பிறசர் கிளம்பேலாமல் சுருள் சூடாகும். சில நிமிசத்துக்கு ஒருக்கா 'டிக்' எண்டு சத்தம் கேட்டால் இதுதான், இல்லாட்டி வோல்ற் குறைவு. கரண்ட் வந்தாப் பிறகு மூன்று தொடக்கம் ஐந்து நிமிசம் பிந்திப் பெட்டிக்கு விடுகிற ஸ்ரெபிலைசர் ஒண்டு வாங்கு. எர்த் வயர் உண்மையா இணைச்சிருக்கோ எண்டு வயரிங் தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு பார்.

முதல் நாள் வெறும் பெட்டியை ஓடவிடு. பிறகு சூடான போத்தலை மூன்றில ஒரு பங்கு மட்டும் அடுக்கு, அது குளிர்ந்தாப் பிறகு மிச்சம். ஒண்டும் பின்சுவரில முட்டக்கூடாது, காத்தாடியை மறைக்கக்கூடாது. முகப்பில காட்டுறது காத்தின்ர சூடு. ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள வெப்பமானியை வைச்சு அடுத்த நாள் பார்த்தால்தான் போத்தலின்ர சூடு தெரியும்.

கச்சான் காலத்தில செம்மண் தூசி கம்பிவலையில கம்பளி மாதிரிப் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருக்கா பிளக்கைக் கழட்டி, காய்ஞ்ச பெயின்ற் பிரஷ்ஷால மேலயிருந்து கீழ தட்டு. கதவு ரப்பருக்கு இடையில ஒரு கடதாசியை வைச்சு மூடி இழுத்துப் பார். லேசா வந்தால் ரப்பர் நெளிஞ்சிருக்கு. சுடுதண்ணித் துணியால ஒத்தி நிமிர்த்தலாம், கிழிஞ்சால் மாத்தத்தான் வேணும். உள்ளுக்கு, பின்சுவரின்ர அடியில தண்ணி வடியிற சின்ன ஓட்டை இருக்கும். அடைச்சால் அடித்தட்டில தண்ணி நிக்கும், ஈர்க்கால மெல்லக் குத்தி விடு.

இதை மறக்காத. பின்னால கொம்பிறசருக்கு மேல ஒரு சின்னத் தட்டு இருக்கும், வடிஞ்ச தண்ணி அதிலதான் சேரும். கொம்பிறசர் சூட்டில ஆவியாகவேணும், ஆனால் மாரியில காத்து ஈரம், காயாது. டெங்கு நுளம்பு முட்டையிட இப்பிடித் தண்ணி காணும், ஒரு கிழமை, பத்து நாளில நுளம்பாகிப் பறக்கும். வாராவாரம் ஊற்றி, விளிம்பைத் தேய்ச்சுக் கழுவ வேணும், முட்டை விளிம்பிலதான் ஒட்டியிருக்கும். கழற்றேலாத தட்டெண்டால் பஞ்சால ஒத்தி எடு. வீட்டில குழந்தைப் பிள்ளையள் இருக்கினம், இதில சாட்டுச் சொல்லேலாது.

பல்லியும் எறும்பும் சூட்டுக்காகப் பின்னுக்குப் போகும். சர்க்கிற் போட்டில பல்லி விழுந்தால் போட் எரியும். அதுகள் உள்ளுக்குப் போகிற பின்பக்க வாசலுக்கு நுளம்புவலைக் கம்பியைக் காத்துப் போகிற மாதிரி அடி.

குளிர் குறைஞ்சால், "காஸ் முடிஞ்சிட்டுது, கொஞ்சம் அடிப்பம்" எண்டு ஆரும் சொன்னால் விடாத. காஸ் செலவாகிறதில்லை, எங்கயோ ஒழுகுது. ஒழுக்கை அடைச்சு, வெறுமையாக்கி, தராசில கிராம் கணக்கில நிறுத்துத்தான் திரும்ப விடவேணும். 'ஆர் 600ஏ' எண்டு போட்டிருந்தால் அது பத்திக்கொள்ளிற காஸ், பழக்கமில்லாதவையின்ர கையில குடுக்காத.

குசினிச் சுவர் மூலை 62 சென்ரிமீற்றர் அகலம். அதுக்குள்ள பெட்டியும் இடைவெளியும் அடங்கவேணும். வாங்க முன்னம் கதவு எந்தப் பக்கம் திறக்குமெண்டும் கேட்டு எழுது.

அன்புடன்
அம்மா