மடிப்பாக்கம் அட்வான்ஸ் பற்றி

பெரம்பூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடுதாசி. இங்கே சௌக்கியம். அம்மா முட்டி பழையபடிதான்.

மடிப்பாக்கத்து வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இப்போது வீடு வேண்டாம் என்கிறாய். 80,000 ரூபாய். அக்ரிமெண்ட் போடவில்லை, சாவி வாங்கவில்லை, பால் காய்ச்சவில்லை. பணம் மட்டும் போய்விட்டது. மளிகைக்கடை பில்லையே இரண்டு தரம் கூட்டிப் பார்க்கிறவள் நீ. அப்படி என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை.

முதல் வேலை, ஓனரிடம் போனில் பேசுவதை நிறுத்து. வாட்ஸ்அப்பில் எழுது. இன்ன தேதியில் இந்த வீட்டுக்கு அட்வான்ஸாக இவ்வளவு ஜிபே செய்தேன், குடிவரவில்லை, சாவியும் வாங்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நாலு வரி போதும். காரணம் எழுதாதே. "ஆகட்டும், தருகிறேன்" என்று அவர் ஒரு வரி பதில் போட்டால் அதுதான் உனக்கு ரசீது.

"புது ஆள் வந்ததும் தருகிறேன்" என்கிறாரே, அது பொய்யாக இருக்காது. மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறவன் சொல்கிறேன், காலி செய்கிறவர் அட்வான்ஸை வருகிறவர் அட்வான்ஸில்தான் தீர்ப்போம். உன் பணம் அப்படிப் பழைய குடித்தனக்காரருக்குப் போயிருக்கும். ஆனால் அது அவர் பாடு. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், ஆவணி வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஒரு மாத வாடகை 16,000 பிடித்துக்கொள்ளட்டும். 64,000 கேள். அதற்குக் கீழே இறங்காதே.

எழும்பூர் வக்கீல் மாமாவிடம் விசாரித்தேன். யாருக்கென்று சொல்லவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டுமாம். ஆனால் நீ குடியே போகவில்லை, பதிவு செய்த ஒப்பந்தமும் இல்லை. அதனால் வாடகை அதிகாரியிடம் நேராகப் போய் நிற்க முடியாது என்கிறார். உனக்குத் துணை 1872 ஒப்பந்தச் சட்டம், 74வது பிரிவு. வராவிட்டால் இவ்வளவு தர வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தாலும் நியாயமான நஷ்டஈடுதான் கேட்க முடியுமாம். நீ அப்படி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லையே? கொடுத்திருந்தால் அதையாவது சொல்.

வேளச்சேரியில் ஒரு வேலை இருந்தது. அப்படியே ஷேர் ஆட்டோ பிடித்து அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வந்தேன். கோபித்துக்கொள்ளாதே. கேட்டில் டு-லெட் அட்டை தொங்குகிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வேறு ஆள் வந்துவிட்டால் நடுவில் பூட்டிக் கிடந்த நாளுக்குத்தான் அவர் நஷ்டம் பேச முடியும். கீழ்த்தளம், பாப்பா. அதுவும் மடிப்பாக்கத்தில். 2015 வெள்ளத்தை மறந்துவிட்டாயா? சமையலறை ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்க்கிறது, கை நீட்டினால் தொடலாம். ஓனர் வீட்டம்மா யாரென்று தெரியாமல் என்னிடம், "ஒரு பொண்ணு, தனியாத்தான் இருப்பேன்னு சொல்லுச்சு, யோசிச்சு யோசிச்சுக் கொடுத்தோம், இப்போ வேண்டாங்குது" என்றார். நானும் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

பத்து வருஷ உத்தியோகம், உன் சம்பாத்தியம், நீயே வீடு பார்த்துப் பேசி முடித்திருக்கிறாய். எனக்கு அதில் பெருமைதான். என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு மாத வாடகை டோக்கனோடு முடித்திருப்பேன், அதுவும் இருக்கிறது.

பணம் வரும்போது உன் பழைய பெரம்பூர் கணக்குக்கே போடச் சொல். ஜாயிண்ட் அக்கவுண்ட் வேண்டாம். வந்ததும் அப்படியே கிடக்கட்டும், யார் கேட்டாலும் எடுக்காதே.

மாடியில் இருக்கிறவர்கள் ஆவணியில் காலி செய்கிறார்கள். புரோக்கர் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். பெயிண்ட் அடிக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன வருஷம்தான் அடித்தோம்.

ஆடிப்பெருக்குக்கு அம்மா சித்ரான்னம் செய்கிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. அவரை நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். சொல்வதானாலும் சரி, உன் இஷ்டம்.

வாட்ஸ்அப்பை இன்றைக்கே அனுப்பு. அனுப்பும் முன் எனக்கு ஒரு தரம் காட்டு. போனில் பேசாதே.

அப்பா