பிஸ்கட் புடிங்குக்கு இவ்வளவு பட்டர் எதற்கு?

ஆசிரியருக்கு,

ஞாயிறு மகளிர் பக்கத்தில் வந்த சொக்லேட் பிஸ்கட் புடிங் செய்முறையில் 250 கிராம் பட்டர், அதேயளவு ஐசிங் சீனி! பட்டரில் ஐந்தில் நாலு பங்கு கொழுப்பு. எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சீனி வருத்தம், மாமிக்குக் கொலஸ்ட்ரோல். விருந்தில் அவர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதா?

நான் பட்டருக்குப் பதில் எருமைத் தயிரைத் துணியில் கட்டி, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வடியவிடுவேன். அதிலும் கொழுப்பு உண்டுதான், ஆனால் பட்டருக்குக் கிட்டவும் வராது. கொக்கோவைக் கொஞ்சச் சுடுநீரில் குழைத்து, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். நேரே கொட்டினால் கட்டிபடும். இனிப்புக்குக் கித்துள் பாணி. அதுவும் சீனிதான், சீனி வருத்தக்காரருக்கு நல்லதென்று தாராளமாக ஊற்றாதீர்கள். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்த உடனே எடுத்து அடுக்குங்கள். தயிரின் ஈரத்திலேயே மிச்சமும் ஊறிவிடும். மேலே வறுத்த கஜு தூவினால், பழைய புடிங்கை யாரும் தேடமாட்டார்கள்.

இனி வரும் செய்முறைகளின் கீழே, மாற்றாகப் போடக்கூடிய பொருள்களையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். தீபாவளிச் சிறப்பிதழிலேயே தொடங்கினால் நல்லது.

வாசகி,
வெள்ளவத்தை